நாற்பத்தாறு வயதில் அதிக ரத்தப்போக்கு: கர்ப்பப்பையை எடுக்காமல் மீண்ட அனுபவம்

நாற்பத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு மாதவிடாய் தாறுமாறாக வர ஆரம்பித்தால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயம்தான். "நிக்கப் போற நேரம், அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்பார்கள். இல்லையென்றால், "பையை எடுத்துடு, தொல்லை விட்டுச்சு" என்பார்கள். என்னிடம் இரண்டையும் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் செய்துபார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சில மாதங்களில் இருபது நாளிலேயே வந்துவிடும், சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடும். கட்டிகட்டியாகப் போகும். ராத்திரி மெத்தைமேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டுத்தான் படுப்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்து எடுத்துக் கடிப்பேன், அப்படி ஓர் ஆசை. இரும்புச்சத்து வற்றிப்போனவர்களுக்கு அப்படித் தோன்றும் என்று பின்னால்தான் தெரிந்தது. டெஸ்ட் எடுத்தபோது ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனில் சின்னதாக ஒரு ஃபைப்ராய்டைக் காட்டினார், கர்ப்பப்பையில் வளரும் கேன்சர் இல்லாத கட்டி அது. "பிள்ளை பெத்து முடிச்சாச்சு, இனி எதுக்கும்மா அந்தப் பை? சினைப்பையையும் சேர்த்தே எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல" என்றார். ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார்.

நான் தயங்கியதற்குக் காரணம் எங்கள் மதினி. அவருக்கு நாற்பது வயதிலேயே கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நாளிலேயே உடம்பெல்லாம் தீயாக எரிகிறது என்று நடுராத்திரியில் எழுந்து குளிப்பார். சில வருஷம் கழித்து, முற்றத்தில் லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. சினைப்பையை எடுத்தால் எலும்பைக் காக்கும் ஹார்மோனும் போய்விடும். "எடுக்கணுமானு நாலு பேர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுடி" என்று அவர்தான் என்னை வேறு டாக்டரிடம் விரட்டினார்.

இரண்டாவதாகப் பார்த்தது அரசு மருத்துவக் கல்லூரியில். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "ஏன் இவ்வளவு போகுதுனு கண்டுபிடிச்சாங்களா?" என்பதுதான். பிறகு ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே சினைப்பையில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். ஆயுள் முழுக்க வெடித்து வெளியே வருவது 400, 500 மட்டும்தான், மீதியெல்லாம் தானாகவே கரைந்துவிடும். கையிருப்பு தீரும் வயதில் சில மாதங்களில் முட்டை வெடிக்காது. வெடிக்காவிட்டால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். தடை போட ஆள் இல்லாமல் வளர்ந்த அந்தச் சுவர் ஒருநாள் அங்கங்கே பிய்ந்து கொட்டும். எனக்கு நடந்தது இதுதான். ஃபைப்ராய்டு இருந்தது உண்மை. ஆனால் அது வெளிப்பக்கச் சுவரில் இருந்ததால் இந்த ரத்தப்போக்குக்குக் காரணமில்லை என்றார். "கெட்ட ரத்தம் போகட்டும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். போனது அத்தனையும் நல்ல ரத்தம்.

அப்புறம் வரிசையாக டெஸ்ட்டுகள். கர்ப்பமா என்று சிறுநீரில் பார்த்தார்கள், இந்த வயதிலும் அதைத் தவிர்க்கக் கூடாதாம். தைராய்டு, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன். கடைசியாக பயாப்ஸி. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்எச் பார்க்கவில்லையா என்று கேட்டேன். இந்தக் கட்டத்தில் அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார்.

பயாப்ஸிக்குத்தான் நிறைய பேர் பயப்படுகிறார்கள். மயக்க மருந்து இல்லை. காப்பர் டி போடும்போது படுப்பதுபோல் படுக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, உள்சுவரிலிருந்து கொஞ்சம் சதையை உறிஞ்சி எடுக்கிறார்கள். அடிவயிற்றை முறுக்கிப் பிழியும் வலி வந்தது. சிஸ்டரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது, நடந்தே வீட்டுக்கு வந்தேன். கேன்சரோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று ரிப்போர்ட் வந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ரத்தம் ஏறக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைக் கட்டிவிட்டது. அதனால் அயர்ன் சுக்ரோஸ் ட்ரிப்ஸ். டிகாஷன் நிறத்தில் சொட்டுச்சொட்டாக இறங்கும். ஊசி குத்திய இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லுங்கள், மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை பிடித்து லேசில் போகாது என்று சிஸ்டர் எச்சரித்தார். நாள் விட்டு நாள் போய்ப் போட்டுக்கொண்டேன். ஐஸ் ஆசைதான் முதலில் போனது. டீயும் காபியும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் இன்றும் சாப்பாட்டோடு அவற்றைக் குடிப்பதில்லை.

ரத்தப்போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. முன்பு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு இது ஆகாது, அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். நிலையான தீர்வாக ஹார்மோன் காயில். பார்க்கக் காப்பர் டி மாதிரியே இருக்கும், ஆனால் புரோஜெஸ்டிரான் வகை மருந்தைத் தினமும் துளித்துளியாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே விடும். எந்த ஹார்மோன் குறைந்ததால் சுவர் தடித்ததோ, அதன் வேலையை அந்த இடத்திலேயே செய்கிறது.

முதல் சில மாதங்கள் பொறுமை வேண்டும். தினமும் லேசாகக் கறை படும். இது சரிப்படாது, எடுத்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றும் கட்டம் இதுதான். டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் தாங்கிக்கொண்டேன். ஆறு மாதத்துக்குள் கறையும் நின்று, ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது.

கர்ப்பப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கேன்சர் என்றால், பெரிய கட்டிகள் என்றால், மற்ற வைத்தியம் எதுவும் கேட்கவில்லை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். காரணம் தேடாமலே கத்தியை எடுப்பதுதான் எனக்குக் கோபம். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. அந்த அளவுக்குப் போயிருக்கிறது விஷயம்.

இப்போது எனக்கு அவ்வப்போது உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் சின்ன மாற்றத்துக்கும் பதறுவதால் வருவது அது. காலையில் நடக்கிறேன், எலும்புக்காகக் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் செய்கிறேன். ஒரு விஷயத்தை மதினியிடமும் சித்தியிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்கிறேன். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பட்டாலும், வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.