மாரிக்குப்பத்தில் 1958-இல் ஒரு பிறப்பு: பதிவைத் தேடிப் பெற்ற அனுபவம்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் அரை நூற்றாண்டுக்கு முன் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகிறவர், பிறந்த தேதிக்கும் முன்னதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் பிறந்த தெருவை அந்த ஆண்டில் எந்த அமைப்பு நிர்வகித்தது என்பதே அது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி அம்மாவுக்காகக் குடியேற்ற மனு அளித்தபோது, 1958-இல் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பிறந்த அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. அதற்காகப் படிக்க நேர்ந்த உள்ளாட்சி வரலாறு, விண்ணப்பப் படிவத்தைவிடப் பெரியதாக இருந்தது.

ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி 1880-இல் இங்கே காலூன்றியதிலிருந்து தங்கவயல் ஒரே ஊராக வளரவில்லை. வடக்கிலிருந்து தெற்காக நந்திதுர்க், உரிகம், சாம்பியன், மைசூர் என்று சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன. ஒவ்வொன்றையும் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகளான ‘லைன்கள்’ எழுந்தன. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த லைன்களில்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. வீடும் மருத்துவமனையும் கம்பெனியுடையவை. தண்ணீர் பாலாற்றின் பேத்தமங்கலத்திலிருந்து வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்துவிட்டது, பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே. ஒரு நகரசபை செய்ய வேண்டிய வேலைகளில் பாதியைக் கம்பெனியே செய்துகொண்டிருந்த நிலையில், சுரங்கப் பகுதியின் துப்புரவு, பொதுச் சுகாதாரம் போன்றவற்றைக் கவனிக்க ‘சானிட்டரி போர்டு’ என்ற தனி அமைப்பு இருந்தது. வணிகர்களும் மற்றவர்களும் குடியேறிய ராபர்ட்சன்பேட்டையோ, 1896 முதல் 1903 வரை மைசூரில் ரெசிடெண்டாக (பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக) இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி, நேர்த்தெருக்களோடு திட்டமிட்டு எழுந்த நகரம். நகரசபை அங்கே வளர்ந்தது. சுரங்கப் பகுதி பின்னாளில்தான் அதனுடன் சேர்ந்தது. இன்று 35 வார்டுகள் கொண்ட ஒரே நகரசபையைப் பார்க்கிறவருக்கு இந்தப் பழைய எல்லைக்கோடு கண்ணில் படாது, ஆனால் பழைய பதிவேடுகளில் அது அப்படியே இருக்கிறது.

ஆகவே பிறப்புப் பதிவு கேட்டு மனு எழுதுவதற்கு முன் பெரியம்மாவிடம் நீண்ட நேரம் பேசினேன். அம்மாவைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதால் அந்தப் பிறப்பு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சாம்பியன் ஆஸ்பத்திரியில் பிறந்ததா, வீட்டில் பிறந்ததா என்பதே நான் முதலில் கேட்ட கேள்வி. ஆஸ்பத்திரி என்றால் அதன் பிரசவப் பதிவேட்டையும் தேட வேண்டியிருக்கும். லைன் வீட்டிலேயே மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம் என்றார். தாத்தா மைசூர் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருடைய சேமநிதித் தாள் ஒன்றைப் பெரியம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதில் அவர் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பது எனக்குப் பெரிய உதவியாயிற்று, ஏனெனில் பழைய பதிவேட்டில் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது தந்தையின் பெயரைத்தான். (ஆவணங்களுக்கும் இவ்வூர்த் தொழிலாளர்களுக்கும் இருந்த உறவு எப்போதும் இவ்வளவு இணக்கமானதன்று, 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்தே அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.)

பிறந்த இடம் என்ற பகுதியில் மாரிக்குப்பம் என்று மட்டும் எழுதாமல், லைனின் பெயரையும், மைசூர் சுரங்கம் என்பதையும், அக்காலத்தில் சானிட்டரி போர்டு எல்லைக்குள் இருந்த இடம் என்பதையும் சேர்த்து எழுதினேன். கோலார் தங்கவயல் தனித் தாலுகாவானது 2018-இல்தான். அதற்கு முன் பங்காருப்பேட்டைத் தாலுகா. இன்னும் பழைய தாள்களில் பவுரிங்பேட்டை என்றே காணப்படும். எனவே தாலுகாப் பெயரைப் பழையதும் புதியதுமாக இரண்டு விதமாகவும் குறித்தேன். மனு கன்னடத்தில் இருந்தது, பேச்செல்லாம் தமிழில் நடந்தது; இந்த ஊரில் அது வழக்கந்தான். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி பிறந்த தேதியோடு ஒத்துப்போகும் என்று நம்பிவிட முடியாது என்பதால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஓர் ஆண்டு சேர்த்துத் தேடும்படி கேட்டுத் தேடல் கட்டணம் செலுத்தினேன்.

பதிவு கிடைத்தது, சுரங்கப் பகுதிக்கான ஏட்டில். தந்தை பெயர், தாய் பெயர், லைன், தேதி எல்லாம் சரியாக இருந்தன. குழந்தையின் பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைத் தெரிவித்துவிடுவது அன்றைய நடைமுறை என்பதால் இதில் வியப்பு இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு பின்னாளில் பெயர் சேர்க்க இடம் தருகிறது, ஆனால் விதிகள் அதற்கு 15 ஆண்டு என்று வரம்பு வைக்கின்றன. பதிவே இல்லாதிருந்தால் இரண்டு வழிகள் இருந்திருக்கும். ஒன்று, பதிவு இல்லை என்று அந்த அலுவலகத்திடமே சான்று வாங்கிப் பிற ஆவணங்களோடு இணைப்பது. மற்றொன்று, 13(3)-ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவர் அல்லது உட்கோட்ட நடுவர் போன்ற நிர்வாக நடுவரின் ஆணை பெற்றுத் தாமதமாகப் பதிவு செய்வது. குடியேற்ற மனுவுக்கு முதல் வழியே போதுமானது என்பதால், இரண்டாவதில் யாரும் அவசரப்பட்டு இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எங்கள் நிலை இவ்விரண்டிலும் அடங்காதது. பதிவு இருக்கிறது, பெயர் இல்லை. ஆகவே அந்தப் பெயரற்ற பெண் குழந்தையும் இன்றைய என் அம்மாவும் ஒருவரே என்று நிறுவ வேண்டியிருந்தது. பதிவேட்டின் சான்றிட்ட நகலோடு, பெரியம்மாவும் அதே லைனில் வாழ்ந்த மூத்த உறவினர் ஒருவரும் நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்களை இணைத்தோம். வெறுமனே “இவரை எனக்குத் தெரியும்” என்று எழுதாமல், பிறப்பைத் தாங்கள் நேரில் அறிந்தது எப்படி, அப்போது தங்களுக்கு என்ன வயது, பெற்றோரின் முழுப் பெயர் என்ன, அந்தத் தம்பதிக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் இவர் எத்தனையாவது பிள்ளை என்பதையெல்லாம் அவற்றில் சொல்லச் செய்தேன். கடைசிச் செய்திதான் மிக வலுவானது, ஏனெனில் அந்த ஆண்டில் அதே பெற்றோருக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். பள்ளிச் சான்றிதழையும் தாத்தாவின் சேமநிதித் தாளின் நகலையும் துணை ஆவணங்களாக வைத்தோம்.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது, 1962-இல் அவை மத்திய அரசுக்குப் போயின, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று, 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டன. இத்தனை கைமாறல்களுக்கு நடுவில் பணிப்பதிவுகளைத் தேடுவது தனிக்கதை. ஆகவே வீட்டில் இருக்கும் சம்பளச் சீட்டோ சேமநிதித் தாளோ எதுவாயினும், கிழிந்திருந்தாலும் முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆவணங்கள் மேலும் எந்த விளக்கமும் கேட்கப்படாமல் ஏற்கப்பட்டன. அதே நடைமுறையில் இப்போது பெரியம்மாவின் பதிவுக்கும் மனு கொடுத்திருக்கிறோம். அவர் 1949-இல், சுரங்கங்கள் கம்பெனியின் கையில் இருந்த காலத்திலேயே பிறந்தவர்.