முதல் ரைபிளும் அதன் ஸ்கோப்பும்

துல்லியமாகச் சுடப் பழகுவதற்கு ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் (ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளைக் கையால் இயக்கித் தோட்டாவை ஏற்றுவது) வாங்க எண்ணியபோது, எந்தத் தோட்டா வகைக்கு வாங்குவது, .308 வின்செஸ்டரா, 2007இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மூரா என்று பல வாரங்கள் யோசித்தேன். இறுதியில் இரண்டையும் விட்டுவிட்டு, பின்லாந்தில் தயாராகும் டிக்கா டி1எக்ஸ் என்னும், .22 என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரைபிளையே தேர்ந்தெடுத்தேன். அதன் தோட்டா மலிவானது. பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால், விசையை இழுக்கும் விரலின் பிழையும் மூச்சின் பிழையும் இலக்குத் தாளில் அப்படியே தெரிந்துவிடுகின்றன. ஐம்பது மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளில் நூறு மீட்டரைச் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும்; இலேசான காற்றே அதைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும்.

குறிபார்க்க ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பில்தான் நான் அதிகம் செலவிட்டேன், அதற்காக வருந்தவும் இல்லை. உருப்பெருக்கத்தைவிட, குறியைத் திருத்தும் திருகுகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்புவதே முக்கியம். குறிக்கோடுகளும் திருகுகளும் ஒரே அலகில், என் விருப்பப்படி மில் என்னும் கோண அலகில், இருக்க வேண்டும்: 0.1 மில் என்பது நூறு மீட்டரில் சரியாக 1 செ.மீ. பாரலாக்ஸை (கண் நகரும்போது குறிக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழையை) ஐம்பது மீட்டருக்கும் குறைவான தொலைவுக்குத் திருத்த முடிகிறதா என்பதை .22 வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பல ஸ்கோப்புகள் அவ்வளவு அருகில் இறங்குவதில்லை.