யார் பேரைப் பெருசா போடணும்?

தஞ்சாவூரில் ஷீல்டு, மெமண்டோ, சான்றிதழ், ஃபிளெக்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் செய்து கொடுக்கிற கடையில் டிசைனராக இருக்கிறேன். கலைக்கு விருது கொடுப்பதைப் பற்றி எழுத்தாளர்களும் சபாக்காரர்களும் நிறையப் பேசியாயிற்று. அதைச் செய்து பெட்டியில் போட்டு அனுப்புகிறவன் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்களுக்கு விருது ஒரு சீசன் வியாபாரம். தை பிறந்ததும் பொங்கல் விழாக்கள், கூடவே திருவையாறு ஆராதனையை ஒட்டி ஊரெங்கும் நடக்கும் சின்னச் சின்ன இசை விழாக்கள். மாசியில் சிவராத்திரி. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழா இப்போது டெல்டாவில் பல பெரிய கோவில்களில் நடக்கிறது. ஆடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றிதழ், நடன ஆசிரியருக்கு ஒரு மெமண்டோ என்று மொத்த ஆர்டர் வரும். பங்குனி, சித்திரையில் கோவில் திருவிழாக்கள், நாடக மன்றங்களின் ஆண்டு விழாக்கள். ஆடியில் மூச்சு விடலாம்.

ஆர்டர் கொடுக்க வருகிறவரோடு உட்கார்ந்து டிசைன் போடும்போதுதான் விருது யாருக்காக என்பது வெளியே வரும். நான் டிசைன் போடும் கோரல்டிரா சாஃப்ட்வேரைத் திறந்ததும் அவர் கேட்கிற முதல் விஷயம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: எங்கள் தலைவர் படம் எங்கே வரும்? மேலே அமைப்பின் பெயர், அது எத்தனையாவது ஆண்டு விழா என்பது, இடது வலது மூலைகளில் ஜவுளிக்கடை லோகோவும் நகைக்கடை லோகோவும், நடுவில் தலைவர், அவருக்குக் கீழே விருதின் பெயர். இவ்வளவும் வந்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் விருது வாங்குபவரின் பெயர். அதையும் பல சமயம் கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தனியாக ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக் கொடுப்போம்.

அப்புறம் ஒரு வழக்கம் உண்டு. "தம்பி, பேரு போடாம நாலு எக்ஸ்ட்ரா அடிச்சிடுங்க." விழாவுக்கு எதிர்பாராமல் ஒரு கவுன்சிலரோ போலீஸ் அதிகாரியோ வந்துவிட்டால் வெறுங்கையோடு அனுப்ப முடியாதே. 'கலைச்சேவையைப் பாராட்டி' என்று பொதுவாகப் போட்டு வைத்த ஷீல்டு, வந்தவர் யாராக இருந்தாலும் பொருந்திவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தவில்காரருக்கு ஒரு விழாவில் இந்த எக்ஸ்ட்ராவில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் ஒட்டியிருந்த ஷீல்டைக் கூட்டத்தில் யாரோ வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அலமாரியில வெச்சா எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பழைய பதக்கங்களைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கால நாதஸ்வர வித்வான்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டையிலோ அங்கவஸ்திரத்திலோ வரிசையாகப் பதக்கங்கள், காதில் கடுக்கன், கையில் தோடா. அவை பெரும்பாலும் தங்கம். ஆதீனம் கொடுத்தது, ஜமீன் கொடுத்தது, வெளியூர்ச் செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் கிடைத்தது. "எங்க தாத்தா ஆடி மாசம் பதக்கத்தை அடகு வெப்பார், ஆவணி முகூர்த்தம் வந்தா மீட்பார்" என்று அவர் சொன்னார். கல்யாணம் இல்லாத மாதத்தில் வீட்டில் அடுப்பெரிய அது உதவியது. இதைக் கேட்டபிறகு எனக்கு எங்கள் கடைச் சரக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அக்ரிலிக்கை எந்த அடகுக்கடையிலும் எடுக்கமாட்டார்கள். பழைய விருதில் பணமும் மரியாதையும் ஒரே பொருளில் இருந்தன. இப்போது பொருள் வாங்குபவருக்கு, மேடையில் எடுக்கிற ஃபோட்டோ கொடுப்பவருக்கு என்று பிரிந்துவிட்டது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் கலைமாமணியோடு இன்றும் பொற்பதக்கம் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர் விருதுகளில் அந்தப் பழக்கம் போயே போய்விட்டது.

ஒரு விழாக்காரரிடம் இதைச் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஷீல்டும் சால்வையும் வாங்குகிற காசைச் சேர்த்துக் கலைஞர் கையில் கவரில் கொடுத்துவிடலாமே என்று. அவர் யோசிக்கவே இல்லை. "கவர் ஃபோட்டோல தெரியாது தம்பி" என்றார். நியாயம்தான். ஸ்பான்சர் காசு தருவது பேப்பரில் வருகிற படத்துக்காக. மண்டபம், மைக் செட், ஃபிளெக்ஸ், சாப்பாடு, வீடியோக்காரர் என்று கணக்குப் போட்டு, எல்லோருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கவருக்கு. சால்வைக்கும் தனிச் சுழற்சி உண்டு. மேடையில் ஒரே மாலையில் பத்துச் சால்வை வாங்கியவர் அத்தனையையும் என்ன செய்வார்? மடிப்புக் கலையாமல் அடுத்த விழாவுக்குப் போய்விடும். அப்படியும் தீராதது பாதி விலைக்குக் கடைக்கே திரும்பி வரும்.

விருதுப் பொருளில் உருப்படியானது என்றால் எங்கள் ஊர்க் கலைத்தட்டைத்தான் சொல்வேன். சரபோஜி மன்னர் காலத்துக் கைவேலை என்பார்கள். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அடித்தட்டு பித்தளை. மேலே வருகிற உருவங்கள் வெள்ளி, செம்பு. மெல்லிய தகட்டை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவம் எடுக்கிறார்கள். பின்பக்கப் பள்ளத்தில் செங்கல் தூள், குங்கிலியம், நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய அரக்கை நிரப்புகிறார்கள், இல்லாவிட்டால் விரல் பட்டாலே நசுங்கிவிடும். பிறகு பித்தளைத் தட்டில் உருவத்தின் ஓரத்துக்கு ஏற்றபடி வரி வெட்டி, தகட்டின் விளிம்பை அதற்குள் இறக்கி அடித்துப் பிடிக்க வைப்பார்கள். தட்டு செய்பவர், உருவம் எடுப்பவர், பதிப்பவர் என்று பல கை மாறி வரும் வேலை. நடுவில் நடராஜரோ சரஸ்வதியோ பெரிய கோவில் விமானமோ இருக்கும்.

இதற்குத்தான் விலை பேசுவார்கள், பாருங்கள். நாதஸ்வரத்துக்கும் பரதத்துக்கும் மரியாதை செய்ய வந்தவர், தட்டு செய்த ஆசாரியின் கூலியில் பிடிவாதமாகக் குறைப்பார். நடுவில் சரஸ்வதிக்குப் பதிலாகத் தலைவர் முகம் வருமா என்று கேட்டவரும் உண்டு. வரும், புது அச்சு செய்ய வேண்டும், கூலி கூடும் என்றதும் சரி, தங்கத்தாள் பிரின்ட் போதும் என்றார். அந்தத் தங்கத்தாள் தட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தூரத்துக்குக் கலைத்தட்டு மாதிரியே இருக்கும். எங்கள் கடையில் அதுதான் அதிகம் போகிறது. கலைக்கு விருது கொடுக்கப்படும் மேடையில், விருதைச் செய்த கலைஞனுக்குச் சேர வேண்டியது இப்படித்தான் கழிகிறது.

காசு வாங்கிக்கொண்டு விருது கொடுப்பதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஃபோன் வரும்: உங்களை விருதுக்குத் தேர்வு செய்திருக்கிறோம், பதிவுக் கட்டணம் இவ்வளவு, குடும்பத்தோடு வந்தால் சாப்பாட்டுக்குத் தனி. நாட்டியப் பிள்ளைகளை வைத்து உலக சாதனை நடத்துகிற கூட்டமும் இருக்கிறது. மைதானத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள், ஆளுக்கு ஒரு சான்றிதழ், ஒரு மெடல், எல்லாவற்றுக்கும் பெற்றோர்தான் பணம் கட்டுவார்கள். இது சின்ன ஊர்க் கதை மட்டும் இல்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கில் ஒரு தனியார் அமைப்பு சினிமாப் பிரபலங்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மேடையையும் விருந்தினரையும் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். பிறகு பல்கலைக்கழகமே, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போலீசுக்குப் போனது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு விருதே வியாபாரம்தான் என்று கையை உதறிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரம் இருப்பதில் தப்பில்லை, லாபம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. பிரான்சில் 1903 முதல் கொடுக்கப்படும் கோன்கூர் பரிசின் தொகை வெறும் 10 யூரோ. ஒரு நல்ல சாப்பாட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் பரிசு அறிவித்ததும் அந்த நாவல் மேல் சிவப்புக் காகிதப் பட்டை ஏறும், லட்சக்கணக்கில் விற்கும். எழுதியவருக்கு ராயல்டி, பதிப்பாளருக்கு லாபம், கடைக்காரருக்குக் கல்லா. இங்கிலாந்தின் புக்கர் பரிசு 1969இல் தொடங்கியபோது அதற்குப் பணம் போட்டது, கயானாவில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் நடத்திய புக்கர் மெக்கானல் கம்பெனி. பின்னாளில் ஒரு நிதி நிறுவனம் ஸ்பான்சராக வந்து, 2002 முதல் 2019 வரை பரிசின் பெயரிலேயே தன் பெயரையும் ஒட்டிக்கொண்டது. நம்மூர் ஜவுளிக்கடை லோகோவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். வித்தியாசம், அங்கே லோகோவுக்கு ஈடாக எழுதியவனுக்கு வாசகனும் கிடைக்கிறான்.

நம் பக்கத்து எழுத்தாளர்களுக்கும் விருது வந்திருக்கிறது. தி. ஜானகிராமனுக்கு 1979இல் சாகித்ய அகாதெமி. கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரமும் பார்த்த எம்.வி. வெங்கட்ராமுக்கு 1993இல். அந்த விருது 1955இல் தொடங்கும்போது 5000 ரூபாய், இப்போது ஒரு லட்சம். என் தொழில் புத்தி வேறு ஒன்றைக் கவனிக்கிறது. அதோடு கொடுக்கிற செப்புப் பட்டயத்தை வடிவமைத்தவர் சத்யஜித் ராய். எங்கள் தலைவர் படம் எங்கே வரும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தமிழில் விருது கிடைத்தால் அட்டையில் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஏறும், இன்னொரு பதிப்பு வரும், நூலகத்துக்குப் போகும். கோன்கூர் அளவுக்குப் புரட்டிப் போடாது.

நாதஸ்வரம், தவில், கரகம் என்றால் கணக்கு வேறு, அங்கே பட்டம் நேராகக் கூலியில் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் 'கலைமாமணி' என்று போட்டுக்கொள்ள முடிகிற வித்வானின் சம்பாவனை வேறு, முடியாதவருடையது வேறு. ஒரு காலத்தில் திருச்சி வானொலி கலைஞர்களுக்குக் கொடுத்த தர வரிசையான கிரேடும் இந்த வேலையைச் செய்தது. ஏ கிரேடு என்றால் பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும். கல்யாண வீட்டாரில் முக்கால்வாசிப் பேருக்கு ராகம் தெரியாது, வாசிப்பின் தரத்தை வேறு எப்படித்தான் அளப்பார்கள்?

ஆனால் எங்கள் கடைக்கு வருகிற வயதான கலைஞர்கள் கேட்பது பட்டமும் இல்லை, ஷீல்டும் இல்லை. காகிதம். மாவட்ட அளவில் அரசு கொடுக்கிற விருதுகள் வயதை வைத்து வரிசையாக இருக்கின்றன. 18 வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச்சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விண்ணப்பிக்கச் சான்றுகளின் நகல் வேண்டும். நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கும், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துக்கும் இதே கதை: இந்தக் கலையை இத்தனை வருஷமாகச் செய்கிறேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பது? ஊர்ச் சங்கம் எப்போதோ கொடுத்த சான்றிதழ்தான் கையில் இருக்கும்.

ஒரு கரகாட்டப் பெரியவர் மஞ்சள் பையில் அப்படி ஒரு கட்டு கொண்டுவந்தார். எல்லாவற்றையும் லேமினேட் செய்யச் சொன்னார். பார்த்தேன். பளபளப்பான கெட்டி அட்டை, மேலே லோகோ, நடுவில் யாரோ ஒரு தலைவரின் சிரித்த முகம். பாதிச் சான்றிதழ்களில் தேதி இல்லை. சிலவற்றில் ஊரே இல்லை. ஒன்றில் 'கலைச்சேவை' என்றிருந்ததே தவிர, அது கரகமா சினிமாவா என்று யாருக்கும் தெரியாது. "ஐயா, இதுல எதைக் காட்டினாலும் ஆபீசுல தேதி கேப்பாங்களே" என்றேன். "ஆமா தம்பி, கேட்டாங்க" என்றார். பழுப்பேறிய ஒரே ஒரு காகிதத்தில் மட்டும் கிராமத்தின் பெயர், கோவில், திருவிழா, தேதி, 'கரகம் ஆடினார்' என்று டைப் அடித்து, சீல் வைத்திருந்தது. ஒரு ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்தது. அதில் யார் படமும் இல்லை. அதை மட்டும் லேமினேட் செய்யாமல் நகல் எடுத்துக் கொடுத்தேன், சீல் தெரிய வேண்டும் என்பதற்காக.

அதிலிருந்து சான்றிதழ் ஆர்டர் வந்தால் நானாகவே சில வரிகளைச் சேர்த்துத்தான் பிரூஃப், அதாவது அச்சுக்கு முன் பார்க்கிற மாதிரி, அனுப்புகிறேன். கலையின் பெயர், நிகழ்ச்சி நடந்த இடம், தேதி, கையெழுத்துப் போடுபவரின் பதவி, கீழே சீல் வைக்க ஒரு வெற்றிடம். பெரும்பாலான விழாக்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கும் கொடுக்க மனம் இருக்கிறது, யாரும் எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். போன மாசியில் ஒரு செயலாளர் மட்டும் பிரூஃபைப் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டார். சீல் வைக்கிற இடத்தை விரலால் தட்டிக் காட்டி, "இவ்வளவு இடம் சும்மா கெடக்கே, நம்ம ஸ்பான்சர் லோகோவ இங்க எறக்குங்க" என்றார். லோகோவைப் பின்பக்கம் பெரிதாகப் போட்டுத் தருகிறேன், கூடுதல் காசு வேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனவர், வேறு கடையில் அடித்துக்கொண்டதாகக் கேள்வி.