மரத்துச் சிலந்திக்கு வீடு கட்டறது பத்தி

அக்கா பையன் போன்ல ஒரு சிலந்தி போட்டோவ காட்டி "மாமா, நீலக் கலர்ல இருக்கு பாருங்க, ஒருத்தன் தர்றேன்னு சொல்றான், நீங்க ஜெர்மனில வளத்தீங்கல்ல, பொட்டி எப்படி செய்யறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டான். அவன் மட்டுமில்ல, கிருஷ்ணகிரி பக்கம், வாணியம்பாடி பக்கம், இங்க குப்பத்துல காலேஜ் படிக்கற பசங்கன்னு நெறைய பேரு இதையேதான் கேக்கறாங்க, அதனால ஒரே எடத்துல எழுதிடறேன். பொட்டி செய்யறதயும் சொல்றேன், அந்த நீலச் சிலந்திய ஏன் வாங்கவே கூடாதுன்னும் சொல்றேன்.

இந்த மரத்துச் சிலந்தி இனத்துக்கு பேரு பொயசிலோதீரியா, வளக்கறவங்க செல்லமா போக்கின்னு சொல்வாங்க. இந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும்தான் காட்டுல இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கெடையாது. டரான்டுலான்னு சொல்ற பெரிய முடிச் சிலந்தியில இதுவும் ஒண்ணு, ஆனா தரையில வளை தோண்டுற வகை வேற, இது மரத்துப் பொந்துலயும் பட்டைக்கு அடியிலயும் குடியிருக்கற ஜாதி. நல்லா வளந்த பொண்ணு கால விரிச்சா 15 லேருந்து 18 சென்டிமீட்டர் வரைக்கும் வரும். நான் வளத்தது இதுல ரெகாலிஸ்ங்கற வகை, ஜெர்மனியிலயே ஒருத்தர் வீட்டுல குஞ்சு பொரிச்சது, கட்டவிரல் நகம் அளவுல இருக்கறப்ப வாங்கினேன், ஊருக்கு திரும்பி வர்றப்ப அங்க அனுபவமுள்ள ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு வந்தேன்.

அமெரிக்கா பக்கத்து டரான்டுலா பல வகை வயித்துமேல இருக்கற முடிய காலால தட்டி நம்ம மேல வீசும், அரிப்பு வரும். போக்கிக்கு அந்த முடியே கெடையாது. இதுகிட்ட இருக்கறது ஓட்டமும் விஷமும்தான். பயந்துச்சுன்னா மொதல்ல பட்டையோட அப்பிக்கிட்டு அசையாம கெடக்கும், அதோட நெறமும் கோடும் அப்படியே பட்டையில கலந்துடும். அப்பயும் நீங்க விடலன்னா ஓடும். ஓட எடம் இல்லன்னாதான் முன்னங்கால தூக்கி அடியில இருக்கற மஞ்சள காட்டும், கடி அதுக்கும் அப்புறம்தான். அந்த ஓட்டத்த நேர்ல பாக்காதவங்களுக்கு சொல்லிப் புரியவைக்க முடியாது, இந்த மூலையில இருந்துச்சு, இப்ப அந்த மூலையில இருக்கு, நடுவுல போனது கண்ணுலயே படாது.

அதனால வீடு கட்டறவங்க மொதல்ல யோசிக்க வேண்டியது, இது ஓடுனா எங்க ஓடும்ங்கறது. பொட்டிக்குள்ளயே நல்ல இருட்டான பொந்து ஒண்ணு இருந்தா அதுக்குள்ளதான் ஓடும். இல்லன்னா உங்க கையில ஏறி தோளுக்கு வந்துடும். பொட்டி செய்யற மத்த வேலை எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பெரிய சிலந்திக்கு அகலம் 30, ஒயரம் 45 சென்டிமீட்டர் கண்ணாடிப் பொட்டி போதும், அகலத்த விட ஒயரம் ஜாஸ்தியா இருக்கணும். கார்க் மரத்துப் பட்டை குழாயா உருண்டு கெடைக்கும், அத செங்குத்தா, கொஞ்சம் சாய்ச்சு, பின்பக்க கண்ணாடிய ஒட்டி நிறுத்துங்க. அடி மண்ணுல நல்லா பொதைஞ்சு நிக்கணும், ஆடக்கூடாது, மேல்வாய் கூரைக்கு ரெண்டு மூணு விரக்கடை கீழ நிக்கணும். உள்ள அது கால மடக்கிக்கிட்டு திரும்பற அளவுக்கு எடம் இருந்தா போதும், ரொம்ப அகலமான குழாய்ல அது தங்காது, வெளிய வந்து கூரையோட மூலையில வலை கட்டிக்கிட்டு உக்காந்துடும், அப்புறம் கதவத் தொறக்கறப்ப எல்லாம் உங்களுக்கு திக்குன்னு இருக்கும். எம்மேல நம்பிக்கை இருந்தா பட்டைக்கு செலவு பண்ணுங்க, லைட்டு, பிளாஸ்டிக் செடி, பின்னாடி ஒட்டற படம் இதுக்கெல்லாம் காசு போடாதீங்க. அதுக்கு லைட்டே புடிக்காது.

மண்ணுக்கு கோகோ பீட் போட்டேன், நம்ம பொள்ளாச்சியிலேருந்து லோடு லோடா போகுதே அதே தேங்கா நார்த்தூள்தான், அங்க கடையில செங்கல் மாதிரி அமுக்கி விக்கறாங்க. நாலு வெரல் ஒசரத்துக்கு போட்டு ஒரு பக்கம் மட்டும் தண்ணி விட்டு ஈரமா வெச்சுக்கணும், மேல் மண்ணு காயணும், காஞ்சப்புறம் மறுபடி விடணும். மழைக்காட்டுலேருந்து வந்ததுதானேன்னு மொத்தத்தையும் சொதசொதன்னு வெச்சு மூடிடறாங்க, காத்து போகாத ஈரத்துலதான் நெறைய சிலந்தி செத்துப்போகுது. ஒரு பக்கத்துல கீழயும் எதிர்ப்பக்கத்துல மேலயும் ஓட்டை போட்டா காத்து குறுக்க ஓடும். ஓட்டை, சிலந்தி முதுகுல கெட்டியா இருக்கற ஓடு அளவ விட சின்னதா இருக்கணும், குஞ்சு இருக்கற டப்பாவுல இது ரொம்ப முக்கியம், முதுகு நுழைஞ்சா முழு ஒடம்பும் நுழைஞ்சிடும். பிளாஸ்டிக் வலை வேணாம், கடிச்சு கிழிச்சுடும். சின்னதா ஒரு தண்ணிக் கிண்ணம். பொட்டிய ஜன்னல் வெயில் படற எடத்துல வெக்காதீங்க, 24 லேருந்து 28 டிகிரிக்குள்ள இருந்தா அதுக்கு சொகம்.

கதவு மேலயா முன்னாலயான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, நான் முன்னாலதான்னு சொல்வேன், ஏன்னா இது மேல இருக்கற ஜீவன், மூடியத் தூக்கினா நேரா அது மொகத்துலதான் முழிப்பீங்க. பூட்டு கட்டாயம். வீட்டுல கொழந்தை இருந்தா ரெண்டு பூட்டு.

ஒரு பொட்டியிலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தறதுதான் நெஜமான வேலை. பகல்ல பண்ணணும், வெளிச்சம் நல்லா இருந்தா அது பொந்த விட்டு வெளிய வர யோசிக்கும். நான் பண்றப்ப ரூம் கதவுக்கு அடியில துண்ட சுருட்டி வெச்சிடுவேன், பழைய பொட்டிய ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள வெச்சு, நீளமான இடுக்கியால பட்டையோட கீழ்வாய்லயும் மேல்வாய்லயும் துணிய அடைச்சு, சிலந்தி உள்ள இருக்கறப்பவே பட்டையோட தூக்கி புதுப் பொட்டிக்குள்ள எறக்குவேன். துணிய இடுக்கியால உருவிட்டு கதவ சாத்தினா வேலை முடிஞ்சுது, சிலந்திய யாரும் தொடவே இல்ல. பட்டைக்குள்ள போக மாட்டேன்னு வெளியவே இருந்தா, பெயின்ட் பிரஷ்ஷால பின்னங்கால லேசா ஒரு தொடு, அவ்வளவுதான். அகலமான வாய் உள்ள ஒரு பாட்டிலும் அட்டையும் கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும், தரைக்கு வந்துட்டா தொரத்தாம மேல கவுத்து அடியில அட்டைய விடணும்.

கடிச்சா என்ன ஆகும்னு பசங்க ஒரு மாதிரி ஆர்வமாவே கேக்கறாங்க. மனுசன் செத்ததா உறுதியான பதிவு எதுவும் இல்ல, ஆனா வலி கடுமையா இருக்கும், கூடவே தசை புடிச்சுக்கும். டாக்டருங்க பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, கடிபட்டு சில நாள் கழிச்சும் தொடை, முதுகுன்னு திரும்பத் திரும்ப புடிச்சு இழுத்திருக்கு. இதுக்குன்னு விஷமுறிவு மருந்து கெடையாது, வலிக்கும் புடிப்புக்கும்தான் மருந்து குடுப்பாங்க. கையில எடுத்து வீடியோ போடறவங்கள பாத்து யாரும் எடுக்காதீங்க, உங்களுக்கும் ஆபத்து, மேலேருந்து விழுந்து வயிறு கிழிஞ்சா அதுக்கு சாவு.

இப்ப அந்த நீலச் சிலந்திக்கு வர்றேன். பொயசிலோதீரியா மெட்டாலிக்கா. நம்ம ஆந்திராவுதுதான், குத்தி ஜங்ஷன்ல ரயில்வேயோட மரக் கெடங்குல கெடைச்ச ஒண்ண வெச்சு 1899-ல போகாக்ங்கற பிரிட்டிஷ்காரர் மொதல்ல எழுதினார். அதுக்கப்புறம் நூறு வருசத்துக்கு மேல யாரும் அத பாத்ததா பதிவு இல்ல. 2001-ல நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல இருக்கற காட்டுல திரும்ப கண்டுபுடிச்சாங்க, குத்திக்கு அது மரத்தோட ரயில்ல ஏறி வந்திருக்கணும்னு அப்பதான் புரிஞ்சுது. 2008-ல, அழியற உயிரினங்கள பட்டியல் போடற உலக அமைப்பான ஐயூசிஎன் மதிப்பிட்டப்ப அது இருக்கற மொத்த எடமே 100 சதுர கிலோமீட்டருக்கும் கம்மின்னு சொல்லி, அழியற விளிம்புல இருக்கற பட்டியல்ல சேத்தாங்க. வெறகுக்கும் மரத்துக்கும் காட்ட வெட்டறதுதான் பெரிய காரணம். பொந்து விழற அளவுக்கு வயசான மரம் இருந்தாதான் இதுக்கு வீடு, அந்த மரம்தான் மொதல்ல வெட்டுப்படுது. மேல பொட்டிக்குள்ள ஒரு பொந்துக்காக இவ்வளவு பாடு சொன்னேனே, அங்க அத மரமே செஞ்சு குடுத்திருக்கு, அதுலேருந்து ஒருத்தன் கம்பிய விட்டு நோண்டி எடுத்து பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு கொரியர்ல அனுப்பறான்னு நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது. ஒரு பொந்துல தாயும் குஞ்சுங்களும் ஒண்ணா இருக்கற ஜாதி இது, ஒரு மரத்த நோண்டினா ஒரு குடும்பமே போச்சு.

சட்டமும் தெளிவாவே இருக்கு. 2019-ல இந்தப் பேரினத்தையே, அதாவது போக்கி எல்லாத்தையும், காட்டு உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறத கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல சேத்துட்டாங்க. 2022-ல திருத்தின வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல்லேருந்து அமல்ல இருக்கு, சைட்டிஸ் பட்டியல்ல உள்ள ஜீவராசி அதுக்குள்ள வருது. வெளிநாட்டு வகைய வெச்சிருக்கறவங்களுக்கு 2024-ல வந்த விதிப்படி பரிவேஷ்ங்கற மத்திய அரசு வெப்சைட்டுல பதிவு இருக்கு, அத காட்டி நம்ம காட்டுல புடிச்சத சரிக்கட்டிடலாம்னு விக்கறவன் சொன்னா நம்பாதீங்க.

ஏற்கெனவே ஒண்ணு கையில இருந்தா, பாவம்னு வீட்டுக்குப் பின்னாடி புளியமரத்துல விட்டுடாதீங்க, எந்தக் காட்டுலேருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாது, அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. பட்டையும் தண்ணியும் வெச்சு பூட்டி வெச்சுட்டு வனத்துறைக்கு சொல்லுங்க. அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும், திங்காம விட்டா மறுநாளே எடுத்துடுங்க, சட்டை உரிக்கற நேரத்துல உயிரோட பூச்சி உள்ள இருந்தா அதுவே சிலந்திய கடிச்சுடும். பட்டை நிறுத்தறது, ஓட்டை போடறது, மாத்தறது பத்தி எதுவும் சந்தேகம்னா எனக்கு எழுதுங்க, எந்நேரம்னாலும் பதில் சொல்றேன். எங்க கெடைக்கும்னு கேக்காதீங்க, அத யாருக்கும் சொல்ல மாட்டேன்.