வரிசை உள்ளே, வால் சாலையில்

நான் தினமும் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். வழியில் ஒரு டிரைவ்-த்ரூ, அதாவது காரைவிட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கிக்கொண்டு போகிற கடை, இருக்கிறது, அதன் முன்னால் போகிற அந்த முப்பது நாற்பது மீட்டர்தான் முழுப் பயணத்திலும் எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம். அதற்கு முன்பே இரண்டு பெரிய சந்திப்புகளைத் தாண்டித்தான் வருகிறேன். அங்கெல்லாம் இவ்வளவு பயமில்லை, ஏனென்றால் சிக்னல் இருக்கிறது, யார் எப்போது நகர்வார்கள் என்று ஓரளவு தெரியும். இங்கே அது தெரியாது.

போன வாரம் கடையிலிருந்து ஒரு கார் வெளியே வந்து, நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூக்கை நீட்டி நின்றது. ஓட்டுபவரின் மடியில் ஒரு பை, ஒரு கையில் மூடி சரியாகப் பொருந்தாத காகிதக் கோப்பை. அதை எங்கே வைப்பது என்று ஒரு கை துழாவிக்கொண்டிருக்க, கண் மட்டும் வண்டிகள் வரும் பக்கம் இருந்தது. நானும் அதே பக்கத்திலிருந்துதான் வந்தேன். என் திசையில் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கார்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறதா என்றுதான் பார்த்தார், அந்த இடைவெளியில் நான் இருந்தேன். அவர் காரை எடுத்தார், நான் பிரேக்கை இறுக்கினேன், பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் ஒருவழியாக நின்றபோது பம்பருக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. பதறிப்போய்க் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாசலை அந்த இடத்தில் வைக்க அனுமதி கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் போய்விடும். கார் நகர்வதைப் பார்த்து, விரல் பிரேக்கைத் தொடவே கிட்டத்தட்ட அந்த ஒரு நொடி ஆகிவிடுகிறது. அப்புறம்தான் சக்கரம் நிற்க ஆரம்பிக்கும். வாசலில் இருக்கிற காரோ ஒரே நொடியில் சைக்கிள் பாதையைக் குறுக்கே அடைத்துவிடும். இதில் யாருடைய திறமையை நம்புவது?

வெளியே வரும் வாசலைவிட எனக்குக் கவலை உள்ளே போகும் வரிசைதான். கடைக்குள் எட்டுப் பத்து கார்கள் நிற்க இடமிருக்கும். காலையிலும் மாலையிலும் அது போதாது, அடுத்த கார் சைக்கிள் பாதையின் மேல்தான் நிற்கும். அப்போது நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே வெளியே விலகிப் போக வேண்டும். அப்படி விலகிப் போகும்போதே, வரிசையில் காத்திருந்து அலுத்துப்போன ஒருவர் இண்டிகேட்டர்கூடப் போடாமல் காரை வெட்டி வெளியே எடுப்பார். வரிசைக்கு உள்பக்கமாகப் போகலாமென்றால் அது இன்னும் மோசம், அங்கே எந்த நேரத்திலும் ஒரு கார் வாசலுக்குத் திரும்பும்.

இதையெல்லாம் விடப் பயங்கரமானது ஒரு நல்லெண்ணம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கடைக்குள் திரும்பக் காத்திருப்பார். இந்தப் பக்கம் நெரிசலில் நிற்கிற கார்க்காரர் இரக்கப்பட்டு, 'நீங்க போங்க' என்று கையைக் காட்டுவார். அவரும் நன்றி சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்புவார். நிற்கிற காரின் மறைவில், ஓரமாக ஒரு சைக்கிள் வருவது இருவருக்குமே தெரியாது. ஒருவர் விட்டுக்கொடுத்தார், இன்னொருவர் நம்பினார், அடி மட்டும் மூன்றாவது ஆளுக்கு.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ்-த்ரூவைத் திறந்தது 1975இல், அரிசோனாவின் சியரா விஸ்டாவில். பக்கத்து ராணுவ முகாமின் வீரர்கள் களச் சீருடையோடு பொது இடங்களில் காரைவிட்டு இறங்கக் கூடாது என்றிருந்ததால் வந்த ஏற்பாடு அது. இறங்க முடியாதவர்களுக்காக என்றால் எனக்குப் புரிகிறது. நடக்க முடியாதவர்கள், பின்சீட்டில் குழந்தை தூங்கும் பெற்றோர், இவர்களுக்கு இன்றும் அது பெரிய உதவிதான். ஆனால் வாசலுக்குப் பக்கத்தில் நாலு இடம் ஒதுக்கி, கடை ஆளே காருக்குக் கொண்டுவந்து கொடுத்தாலும் அந்த உதவி கிடைத்துவிடும். அதற்குச் சாலை வரை நீளும் வரிசை தேவையில்லை.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2019இல் புதிய டிரைவ்-த்ரூக்களுக்கே தடை போட்டது. எல்லா ஊரிலும் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி, கடை இருக்கட்டும், வாசலையாவது ஒழுங்காக வைக்கலாம் இல்லையா? பெரிய சாலையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சின்னத் தெருவிலிருந்து வழி கொடுக்கலாம். வளைவை இறுக்கமாகக் கட்டினால் கார் வேகமாகத் திரும்ப முடியாது. நெதர்லாந்தில் பல இடங்களில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் வாசலுக்காகத் தாழ்ந்து உடைவதில்லை, அதே உயரத்தில், அதே தரையாகத் தொடர்ந்து போகும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது தானாகவே மெதுவாகிறது, இது யாருடைய வழி என்பதும் தரையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. இங்கே தலைகீழ். வாசலுக்காகப் பாதையைச் சரித்து, அகலமாக்கி, கார்க்காரரின் வசதிக்கு வழவழவென்று செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சரிவில் எண்ணெய்க் கறை வேறு. மழை நாளில் அதன் மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் காலையில் அந்த வரிசையைப் படமெடுத்து, நேரம் குறித்து, சாலைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். கடை மேலாளரையும் நேரில் பார்க்கப் போகிறேன். அவரிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: கூட்ட நேரத்தில் ஓர் ஆளை வாசலில் நிறுத்துங்கள், உள்ளே இடம் நிறைந்துவிட்டால் அடுத்த காரைச் சாலையில் நிற்கவிடாமல் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.