பிரவுன் பேப்பருக்குக் கீழே

கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கிரிக்கெட் மட்ச், கன்டீன் பணிஸ், பிரம்பு எல்லாம் போன மலர்களிலேயே வந்துவிட்டன. எனக்கு மிஞ்சியது நூலகத்தின் கடைசி அலுமாரியும் அதில் இருந்த ஒரு கறுப்புத் தோல் அட்டைப் புத்தகமும்தான்.

1980. நான் ஓ.எல். பொதுப் பரீட்சை வகுப்புக்குப் போகவிருந்த வருடம். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அடுத்த ஒழுங்கையில் ஓர் அங்கிள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வேதபாடம் நடக்கும். தேநீரும் மாரி பிஸ்கட்டும் கிடைக்கும் என்று போகத் தொடங்கியவன், வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் மாட்டிக்கொண்டேன். சுவரில் நீளமாக ஒரு படம் தொங்கும். இடது பக்கம் ஆதாம், வலது பக்கம் அக்கினிக் கடல், நடுவில் அம்புக்குறிகள். அங்கிள் கையில் எப்போதும் ஹால் லின்ட்சே என்ற அமெரிக்கரின் புத்தகம் இருக்கும். 'தி லேட் கிரேட் பிளனட் ஏர்த்', 1970இல் வந்தது. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் அவ்வளவு விற்ற புத்தகங்கள் குறைவு. கடலிலிருந்து எழும்பும் மிருகத்துக்குப் பத்துக் கொம்பு என்று வேதத்தில் இருக்கிறது. அந்தப் பத்தும் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரப்போகும் பத்து நாடுகள் என்பது அந்தப் புத்தகத்தின் கணக்கு. அப்போது ஒன்பது நாடுகள் இருந்தன. பத்தாவதாகக் கிரேக்கம் 1981 ஜனவரி முதலாம் திகதி சேர இருந்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று பாருங்கள். பாதிரியார் நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறார், நான் கோயில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாகப் பன்னிரண்டு. ஊஊஊ என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று, அப்புறம் திசையெல்லாம். உலக முடிவில் ஊதும் கடைசி எக்காளம் என்றே நினைத்தேன். கால் இரண்டும் பஞ்சாகிவிட்டன. புதுவருடம் பிறக்கும்போது கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களெல்லாம் ஒன்றாக ஊதும் என்பது பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த இரவில் என் காதுக்குக் கேட்டது கப்பல் இல்லை, அங்கிளின் புத்தகம்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் கிறிஸ்தவ பாட சேரிடம் போய், அந்தப் பத்துக் கொம்பு மிருகம்தானா கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பும் அந்திக்கிறிஸ்து என்று கேட்டேன். திருகோணமலைக்காரர். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அந்திக்கிறிஸ்து எண்ட சொல் வெளிப்படுத்தலில எத்தனை இடத்தில வருது? எண்ணிப்போட்டு வாங்கோடா" என்றார்.

நான்கு பேர் சேர்ந்தோம். அதில் ஒருவன் சைவப் பெடியன், கணக்கில் கெட்டிக்காரன், எண்ணும் வேலை என்றதும் தானாகவே வந்து உட்கார்ந்தான். 22 அதிகாரங்கள், 404 வசனங்கள். விரல் வைத்து வரிவரியாகப் போனோம். இரண்டு நூலகப் பாடவேளைகள் போயின. வலுசர்ப்பம் வருகிறது, மிருகம் வருகிறது, கள்ளத்தீர்க்கதரிசி வருகிறான். அந்திக்கிறிஸ்துவைக் காணவில்லை. கடைசியில் ஒருவன் "இருக்கு, இருக்கு!" என்று கத்திக்கொண்டு, கடைசி அலுமாரியிலிருந்து எடுத்த அந்தக் கறுப்பு அட்டை ஆங்கில வேதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பதின்மூன்றாம் அதிகாரப் பக்கம்.

சேர் வாங்கிப் பார்த்தார். "இது யோவான் எழுதினதில்லை. கீழ சின்ன எழுத்தில இருக்கிறது ஓர் அமெரிக்க வக்கீல் எழுதினது."

அது ஸ்கோஃபீல்ட் வேதாகமம். சைரஸ் ஸ்கோஃபீல்ட் வக்கீலாக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். அவருடைய குறிப்புகளோடு 1909இல் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அதற்கு முன்பும் விளக்கவுரைகள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் தனிப் புத்தகமாக. எழுந்து போய் எடுத்தால்தான் உண்டு. இவர் வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில், ஒரே தோல் அட்டைக்குள் வருமாறு செய்துவிட்டார். கண் மேலிருந்து கீழே இறங்கும்போது எந்த இடத்தில் அப்போஸ்தலன் நின்றான், எந்த இடத்தில் வக்கீல் தொடங்கினார் என்பது ஒரு மாதம் கழித்து யாருக்கு ஞாபகமிருக்கும்? அங்கிள் வீட்டுச் சுவர்ப் படத்தின் அம்புக்குறிகள் பலவும் இந்த அடிக்குறிப்புகளிலிருந்து கிளம்பியவைதான். நாங்கள் தேடிய சொல் 1 யோவானிலும் 2 யோவானிலும் மட்டுமே, மொத்தம் நான்கே வசனங்களில் வருகிறது. அங்கே ஏழு தலையும் இல்லை, கொம்பும் இல்லை.

அடுத்த நாள் சேர் கொப்பிக்கு உறை போடும் பிரவுன் பேப்பரில் ஒரு கீற்று வெட்டி, மூன்று விரல் அகலத்தில், அந்த வேதத்துக்குள் வைத்தார். அடிக்குறிப்பின் மேல் அதை வைத்து மூடிக்கொண்டு அதிகாரத்தை மூன்று தரம் வாசிக்கவேண்டும். விளங்காத இடத்தில் பென்சிலால் புள்ளி. அதற்குப் பிறகுதான் கீற்றை எடுக்கலாம். "எடுக்கவே வேண்டாம்" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. பேனையால் புள்ளி வைத்ததற்காக என் காது மட்டும் ஒருநாள் சிவந்தது.

அந்த வாசிப்பில் மறக்காதது லவோதிக்கேயா என்ற ஊர்ச் சபைக்குச் சொன்ன வசனம். "இப்படி நீ குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால் உன்னை என் வாயினின்று வாந்திபண்ணிப்போடுவேன்." அங்கிள் சொன்ன விளக்கம்: அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம், அரைகுறையாக இருப்பதைவிட அவிசுவாசியாக இருப்பது மேல். எனக்கு அது எப்போதும் இடறியது. கடவுள் அப்படிச் சொல்வாரா? என் பென்சில் புள்ளி அங்கேதான் இருந்தது.

சேர் பதில் சொல்லாமல் எங்களைச் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் ஒன்றரை மணி. மொட்டைமாடித் தொட்டி முழு வெயிலையும் குடித்துவிட்டு இறக்கும் தண்ணீர். "குடியுங்கோ." ஒரு வாய் குடித்துத் துப்பினோம். இரும்புக் கறள் வாசனை, ஒரு வெதுவெதுப்பு.

"எங்கட கன்னியாவில சுடுதண்ணி ஊற்று இருக்கு, உடம்பு நோவுக்கு ஊத்திக் குளிப்பினம். நுவரெலியாவில பச்சைத்தண்ணி குடிச்சா உயிர் வரும். ரெண்டும் நல்லதுதானே? இது எதுக்கடா உதவும்?"

லவோதிக்கேயாவுக்குப் பக்கத்தில் எராப்போலி என்ற ஊரில் வெந்நீரூற்று, மறுபக்கம் கொலோசெயில் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்கோ தூரத்திலிருந்து கல்குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. குளிர் கெட்டதாக இருக்கவேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பக்கத்தில் இருந்த புத்தகம் மாறியது, அவ்வளவுதான்.

அந்த மிருகத்தின் எண்ணான 666ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய தமிழில் க ஒன்று, உ இரண்டு என்று இருப்பதுபோல எபிரெயத்திலும் எழுத்துக்கு எண் உண்டு. ரோமப் பேரரசன் நீரோவை, நீரோ இராயன் என்று சேர் எபிரெய எழுத்தில் கரும்பலகையில் எழுத, எங்கள் கணக்கன் கூட்டினான்: 50, 200, 6, 50, 100, 60, 200. விடை வந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பெயரின் கடைசி 50ஐ விட்டால் 616. சில பழைய பிரதிகளில் அந்த எண்ணே இருக்கிறது.

அங்கிளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயப்படுத்தினார், உண்மை. ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டால் பதினாறு வயதில் நான் 404 வசனங்களையும் விரல் வைத்து வாசித்திருக்கமாட்டேன். 1986இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்து கொம்பு பன்னிரண்டானபோது நான் கொழும்பில் இல்லை. அவர் அந்தப் படத்தை என்ன செய்தார் என்று தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகு துருக்கிக்கு ஒரு சுற்றுலா போனபோது லவோதிக்கேயாவையும் பார்த்தேன். கல்குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. உள்ளே சுண்ணாம்பு படிந்து துவாரம் பாதியாக அடைபட்டிருக்கிறது. மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கில் நம் கல்லூரிக் கறள் தண்ணீர். திரும்பி வந்து வாசித்தால், ஆய்வாளர் சிலர் அந்தத் தண்ணீர் விளக்கத்தையும் ஏற்கவில்லை. அக்கால விருந்துகளில் மதுவைச் சூடாக்கியோ குளிரவைத்தோ பரிமாறிய வழக்கமே பின்னணி என்கிறார்கள். இருக்கலாம். என்னால் மட்டும் அந்த வசனத்தைக் குழாயடி இல்லாமல் வாசிக்க முடியவில்லை. சேரும் எனக்கு ஓர் அடிக்குறிப்புத்தான், அவருக்கு மேல் வைக்க என்னிடம் கீற்று இல்லை.

இப்போது டொரொன்டோவில் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை யூடியூபில் ஏதோ பார்த்துவிட்டு அந்திக்கிறிஸ்து யார் அங்கிள் என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெளிப்படுத்தலில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது, எண்ணிக்கொண்டு வா என்றேன். போனில் தட்டினாள். பத்து வினாடி ஆகியிருக்காது.

"ஒண்டுமில்லை அங்கிள். அப்ப யார் அதை இங்க கொண்டுவந்து வச்சது?"