பத்து ஒளித்துகளும் ஒரு சென்டிமீட்டரும்

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது மலேசியாவின் கெடா மாநிலத்துக் கூலிம் தொழிற்பூங்காவுக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஏறும் ஊர் பாடாங் செராய் என்பதால், சில்லு என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே சிலிக்கனில் மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியை, அதுவும் ஒவ்வொரு துகளாக, ஓடவிட்டு, குவாண்டம் கணினி என்ற புதுவகைக் கணினியில் கணக்குப் போடலாம் என்றால்தான் நம்பத் தயங்குகிறார்கள்.

1550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குச் சிலிக்கன் கண்ணாடியைப் போலத் தெளிவானது. சுமார் 500 நானோமீட்டர் அகலமும் 220 நானோமீட்டர் உயரமும் கொண்ட சிலிக்கன் தடத்தில் வலுவான லேசர் துடிப்பைச் செலுத்தினால், எப்போதாவது அதன் இரண்டு துகள்கள் மறைந்து, பிணைப்புற்ற, அதாவது ஒன்றன் நிலை மற்றதன் நிலையோடு கட்டுண்ட, வேறு இரண்டு துகள்கள் பிறக்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2008இல் சிலிக்கன் மேல் அமைத்த கண்ணாடித் தடங்களில் கணக்கின் அடிப்படைப் படியான ஒரு குவாண்டம் தருக்க வாயிலை இயக்கிக் காட்டினர். 2018இல் அவர்கள் முன்னின்று வெளியிட்ட சிலிக்கன் சில்லில் 550க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தன. வளர்ச்சி பெரிதுதான், ஆனால் உறுப்புகளின் எண்ணிக்கை என்னை அவ்வளவாகக் கவர்வதில்லை.

காரணத்தை, சில்லுத் தொழிற்சாலையில் தடங்களைச் செதுக்கும் எட்ச்சிங் பிரிவில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண் உடனே பிடித்துவிட்டாள்: “ஒளி போறது சரி அங்கிள், தடத்தோட ஓரம் கரடுமுரடா இருந்தா என்னா ஆகும்?” சிதறிப் போகும். சுவரில் ஒருசில நானோமீட்டர் சொரசொரப்பு இருந்தாலே சென்டிமீட்டருக்கு 2 டெசிபல் இழப்பு சாதாரணம்; அதாவது 100இல் 63 துகள்களே மறுமுனை சேரும். பத்துத் துகள்களை அனுப்பினால் அந்த ஒரு சென்டிமீட்டரில் பத்தும் ஒருசேரத் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 100க்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். மின்குறி தேய்ந்தால் பெருக்கிக்கொள்ளலாம். குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயற்கையே இடம் தருவதில்லை.

துகள் பிறப்பதும் நம் கட்டளைக்குட்பட்டதன்று. லேசரைக் கூட்டினால் ஒரே துடிப்பில் இரண்டு சோடிகள் பிறந்து கணக்கைக் கெடுக்கும். ஆகவே துகள் பிறக்கும் இத்தகைய தடங்கள் பலவற்றை, அதாவது பல ஊற்றுகளை, அருகருகே இயக்கி, துகள் பிறந்த தடத்தை மட்டும் வெளிவாயிலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதற்குரிய ஒளிமாற்றியில்தான் சிக்கல்: தடத்தைச் சூடாக்கி ஒளியைத் திருப்பும் வழக்கமான மாற்றி செயல்பட சில மைக்ரோவினாடிகள் ஆகும், ஒரு மைக்ரோவினாடியிலேயே ஒளி இழையில் 200 மீட்டர் போய்விடும். போதாததற்கு, ஒற்றைத் துகளை நன்றாக உணரும் மீக்கடத்தி உணரிகளுக்குச் சில கெல்வின் குளிர் தேவை. அந்தக் குளிரில் சூடேற்றியின் வெப்பம் பெருஞ்சுமை, சூட்டால் ஒளியைத் திருப்ப உதவும் சிலிக்கனின் வெப்பவழி ஒளிவிளைவும் மங்கிவிடும்.

இதனால்தான் பேரியம் டைட்டனேட் போன்ற, மின்னழுத்தத்தால் மிக விரைவாக மாறும் படலங்களையும், இழப்புக் குறைந்த சிலிக்கன் நைட்ரைடு தடங்களையும், ஒளிவழிக் குவாண்டம் கணினி செய்ய முயலும் சைகுவாண்டம் நிறுவனம் நாடியிருக்கிறது. சில்லு தயாரிக்கும் குளோபல் ஃபவுண்ட்ரீஸின் 300 மில்லிமீட்டர் வேஃபர்களில் செய்து, 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட தனித்தனி அளவீடுகள் மெச்சத்தக்கவை. ஆனால் ஊற்று, லேசர் ஒளியை நீக்கும் வடிகட்டி, மாற்றி, உணரி என்ற நான்கையும் ஒரே துகள் வரிசையாகக் கடந்த பிறகு எத்தனை விழுக்காடு மிஞ்சுகிறது என்ற எண்ணைத்தான் இத்துறையின் எந்தக் கட்டுரையிலும் நான் முதலில் தேடுகிறேன்.